ஆன்னி கொடுத்த சாம்பல்

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. தெருவில் நடந்தால் எந்த வீட்டில் யார் என்ன தின்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஹாலந்துக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இது கூச்சமாகத்தான் இருக்கிறது. வந்த புதிதில் அந்த ஜன்னல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்றே நினைத்தேன். நல்லவேளை, அப்படி இல்லை.

நான் சின்ன வயதிலிருந்தே மிளகாய்ப் பைத்தியம். பெருந்துறையில் அம்மா சட்னி அரைத்து முடித்ததும் அம்மியை வழித்து நக்க முதல் ஆளாக நிற்பேன். கோவையில் படித்தபோது ஆர்.எஸ்.புரத்துத் தள்ளுவண்டியில் காளான் வாங்கினால், சிவப்பு சாஸ் பாட்டிலை நானே பிடுங்கி ஊற்றுவேன். "போதுங்கம்மணி, நாளைக்கு வயித்த வலிச்சா என்னயத்தான் வைவீங்க" என்பார் வண்டிக்காரர். மறுநாளும் அங்கேதான் நிற்பேன்.

அப்படிப்பட்டவள், தொண்ணூற்று ஐந்தில் கல்யாணமாகி இங்கே வந்த மூன்றாம் மாதமே மசக்கையில் விழுந்தேன். தாளிக்கிற வாசம் வந்தாலே குமட்டியது. ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்ப் பொடியை வாணலியில் போட முடியவில்லை. இந்த ஊர் ரொட்டியோ வெறும் பஞ்சு. அதன்மேல் சாக்லேட் துகளைத் தூவி மதியச் சாப்பாடு என்கிறார்கள். என் எடை இறங்கிக்கொண்டே போனது. அடுத்த வாரமும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், குழந்தைக்கு நல்லதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஊட்டுக்கு வந்துரு கண்ணு" என்று அம்மா போனில் அழுதாள். கணவர் டிக்கெட் விசாரித்துவிட்டு வந்து, "நீ சொல்றதுதான் அம்மணி" என்றார். எனக்குப் போகவும் பயம், இருக்கவும் பயம். வாய்க்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான், மருதமலைத் திருநீறு. சாமி படத்தடியில் இருந்த பொட்டலத்தை எடுத்து, சமையலறையில் நின்று யாருக்கும் தெரியாமல் நக்குவேன்.

அந்த வாரம்தான் எதிர்வீட்டு ஆன்னி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள், "நீ சாம்பல் சாப்பிடுவாயா?"

ஆங்கிலத்துக்கு நடுவே அந்த ஒரு சொல் அப்படித்தான் என் காதில் விழுந்தது. உடம்பெல்லாம் கூசிப்போனது. ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். வாயும் வயிறுமாக இருப்பவர்கள் சாம்பல் தின்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், இவளுக்கு எப்படித் தெரிந்தது? "கொஞ்சம், கொஞ்சம்தான்" என்று உளறினேன்.

"கொஞ்சம் போதாது. ரொட்டியில் தடவிச் சாப்பிடு, என் வீட்டில் நிறைய இருக்கிறது" என்று ஓடினாள். விறகடுப்பே இல்லாத ஊரில் நிறையச் சாம்பலா என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

அவள் கொண்டுவந்தது ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே இடித்த சிவப்பு மிளகாய், உப்பு, கொஞ்சம் புளிப்பு. பெயர் சம்பால். இந்தோனேசியாவை இவர்கள் ஆண்ட காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கமாம். ரொட்டியில் தடவி ஒரு வாய் கடித்தேன். காது சுட்டது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. தாளித்த வாசம் துளியும் இல்லை. நான்கு துண்டு தின்றேன், ஒன்றும் வெளியே வரவில்லை. அப்புறம் நிஜமாகவே அழுதேன். ஆன்னி பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள். "தண்ணீர் வேண்டாம், இன்னொரு துண்டு" என்றேன். அடுத்த வாரம் எடை அரைக் கிலோ ஏறியிருந்தது. கணவர் டிக்கெட் பேச்சை அதோடு விட்டார்.

போன மாதம் மூன்று வயது மகளோடு பெருந்துறைக்குப் போயிருந்தேன். அம்மா அவள் நெற்றியில் திருநீறு பூசி, இட்லியைத் தட்டில் வைத்தாள். பிள்ளை தட்டைப் பார்த்துவிட்டு, "சாம்பல் வேணும்" என்றாள்.

அம்மா முகம் மாறிவிட்டது. "ஏங்கண்ணு, அங்க புள்ளைக்குச் சோறு போடறியா இல்லையா?"

"ஒறப்புக் கேக்கறாம்மா" என்றேன். அம்மா நம்பாமல் வரமிளகாய்ச் சட்னியை விரல் நுனியில் தொட்டு அவள் நாக்கில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டினாள். கண் கலங்க யோசித்துவிட்டு, "இது ஆன்னி சாம்பல் இல்ல. அம்மாயி சாம்பல்" என்று பாட்டியைக் காட்டினாள்.

"நானு இன்னும் உசுரோடதான் இருக்கறன் சாமி" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், இருக்கிறாளே என்று. ஹாலந்து திரும்புவதற்காகப் பாதி கட்டிய பெட்டிகள் சுவரோரம் இருந்தன. பிள்ளை இன்னும் கொஞ்சம் கேட்டுத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.