வறண்ட கிணற்றுக்கு எண் கிடையாது

அவருடைய சட்டைப் பையைப் பார்த்தவர்கள், "எந்த ஸ்கூல் சார்?" என்று கேட்பார்கள். பையில் எப்போதும் நான்கைந்து நீல சாக்பீஸ் இருக்கும். எவ்வளவு துவைத்தாலும் பையின் அடி நீலமாகவே நின்றுவிட்டது. அவர் வாத்தியார் இல்லை. நிலத்தடி நீர்த் துறையில் கிணறு அளப்பவர். இருபத்தாறு வருடமாக அதே வேலை, அதே பன்னிரண்டு கிணறுகள். ஆபீசிலும் வெளியிலும் அவருக்கு டேப்புக்காரர் என்றே பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது.

கிணறு என்றதும் கயிறும் வாளியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்புக் குழாய், அதற்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான். பூமிக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் போட்டது. யாரும் அதில் தண்ணீர் எடுக்க முடியாது. "ஒரு சொட்டு தராத கிணத்துக்குப் பூட்டு ஒண்ணுதான் கேடு" என்று போகிறவர்கள் வருகிறவர்கள் கிண்டலடிப்பார்கள். டேப்புக்காரர் சிரித்துக்கொண்டே பூட்டுக்கு எண்ணெய் விடுவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டையும் சுற்றி வருவார். இரும்பு டேப்பின் முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்பீஸைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்குவார். மேலே இழுத்தால் நனைந்த இடம் கறுத்திருக்கும். இறக்கிய நீளத்தில் நனைந்த நீளத்தைக் கழித்தால் தண்ணீரின் ஆழம் வந்துவிடும். ஆனால் ஒரு தடவை அளந்ததை அவர் நம்பமாட்டார். துடைத்து, மறுபடி சாக்பீஸ் தேய்த்து, இரண்டாம் தடவையும் இறக்குவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனாவைத் திறப்பார். கொளுத்தும் வெயிலோ கொட்டும் மழையோ, அளக்காத ஓர் எண்ணை அவர் எழுதியதே இல்லை. மனைவி இதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது பெருமையாகச் சொல்கிறாளா, தலையில் அடித்துக்கொள்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாது.

பக்கத்துப் பகுதியை அளந்தவர் வேறு ரகம். ஆபீசில் அவருக்கு ஜோசியர் என்று பட்டம். கிணற்றுப் பக்கமே போகமாட்டார். வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, போன தடவை எழுதிய எண்ணோடு அரை மீட்டரைக் கூட்டி எழுதுவார். "தண்ணி கீழ போச்சுன்னு எழுதினா ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான். மேல வந்துச்சுன்னாதான் எப்படின்னு கேப்பான்" என்பது அவருடைய ஞானம். டேப்புக்காரருக்கு அவரைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம்தான் அக்கா கூப்பிட்டனுப்பினாள். அம்மா போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். இவர் அளக்கும் பகுதியிலேயே இருந்த அவள் தெருவில் நாற்பது வீடு, நாற்பதுக்கும் ஒரே ஆழ்துளைக் கிணறு. காலையில் ஒரு மணி நேரம் வந்த தண்ணீர் அரை மணி ஆகி, இப்போது மணலோடு வந்துகொண்டிருந்தது. தெருவுக்குப் பின்னால் இருந்த வெற்று நிலத்தை ஒரு பாட்டில் தண்ணீர் கம்பெனி வாங்கி, பத்து ஆழ்துளைக் கிணறு போட அனுமதி கேட்டிருந்தது.

"டேய், அவங்க பத்து குழாய் இறக்கினா எங்களுக்கு மிச்சம் என்னடா இருக்கும்? நீ அளக்கிறவன்தானே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் சொல்லவே வேணாம்க்கா. என் அளவே சொல்லும்."

சும்மா சொல்லவில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை துறை ஒரு வரைபடம் போடும். நீர்மட்டத்தின் சராசரி இறங்கிய பகுதிக்குச் சிவப்பு, தாங்கும் பகுதிக்குப் பச்சை. சிவப்பில் புதிதாக ஒரு துளைகூடப் போட முடியாது. அவருடைய பன்னிரண்டில் ஐந்து கிணறு மூன்று வருடத்துக்குள் அடிவரை வற்றிவிட்டன. முப்பது மீட்டர் ஆழத்தில் டேப் தரையைத் தட்டும், சாக்பீஸ் போன மாதிரியே திரும்பி வரும். இரண்டு தடவை இறக்கிவிட்டு, 'வறண்டது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். ஐந்து கிணறு செத்த பகுதி சிவப்பாகாமல் வேறு எது சிவப்பாகும்?

வரைபடம் வந்தது. அவர் பகுதி பளிச்சென்று பச்சை.

அச்சில் தவறு என்றுதான் முதலில் நினைத்தார். புதிதாக வந்திருந்த பெண் அதிகாரியிடம் ஓடினார். நல்ல பெண், படித்தவள், இவரை நிற்கவைத்துப் பேசாதவள். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

"தப்பு இல்ல சார். போன தடவை சராசரி ஆழம் இருபத்திரண்டு மீட்டர், இப்ப பதினேழு. அஞ்சு மீட்டர் மேல வந்திருக்கு."

"எப்படி மேடம் மேல வரும்? அஞ்சு கிணறு வறண்டு கிடக்கு!"

"வறண்டதுன்னு எழுதினா அதுல நம்பர் இல்லையே சார். நம்பர் இல்லாத கிணத்தை எப்படிச் சராசரில போடறது? மீதி ஏழைத்தான் போட்டிருக்கு."

அவருக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. மீதி ஏழும் ஏரிக்கரையை ஒட்டியவை, அங்கே தண்ணீர் எப்போதும் மேலேதான் இருக்கும். ஆழத்துக்குப் போன ஐந்தும் செத்ததால்தான் கணக்கு நன்றாக வந்திருந்தது. இன்னும் இரண்டு செத்தால் இன்னும் நன்றாக வரும். இதைக் கண்டுபிடித்த மகானுபாவன் யாரோ, அவன் ஒரு நாளாவது வெயிலில் நின்று டேப் இறக்கியிருப்பானா?

"விதி அப்படி இருக்கு சார். மாத்தணும்னு நானும் எழுதியிருக்கேன்" என்றாள் அவள். பொய் சொல்லவில்லை. எழுதத்தான் எழுதியிருந்தாள், கடிதம் எந்த மேசையிலோ கிடந்தது.

வரைபடத்தில் பக்கத்துப் பகுதியைப் பார்த்தார். ஜோசியரின் பகுதி. ரத்தச் சிவப்பு. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அரையரை மீட்டராகக் கூட்டிய பொய், ஒரு கிணற்றையும் விடாமல், அழகாக இறங்கிக்கொண்டே போயிருந்தது. பாட்டில் கம்பெனி முதலில் அங்கேதான் கேட்டதாம். போன வரைபடத்திலேயே அது சிவப்பு என்பதால் துறை கைவிரித்துவிட, அங்கிருந்துதான் அக்கா தெருவுக்கு வந்திருக்கிறார்கள். டேப்புக்காரருக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அனுமதியை முடிவு செய்யும் முன் கடைசியாக ஒரு சுற்று அளவு கேட்டார்கள். ஐந்து கிணறுகளுக்கும் போனார். ஐந்திலும் இரண்டிரண்டு தடவை இறக்கினார். ஐந்திலும் காய்ந்த சாக்பீஸ். ஐந்தாவது கிணற்றின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். எண் இருந்தால்தானே சேர்ப்பார்கள்? எண் இருக்கட்டும். முப்பது மீட்டர் கிணற்றில் இருபத்தொன்பதரை என்று எழுதினார். அடியில் அரை மீட்டர் தண்ணீர் இருப்பதுபோல. ஐந்துக்கும் அப்படியே. இருபத்தாறு வருடத்தில் எழுதிய முதல் பொய். அக்காவுக்காக என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. இடையில் விட்டுப்போன கிணறு, மறுபடி ஐந்து வருடம் தொடர்ந்து அளவு வந்தால்தான் சராசரியில் சேருமாம். அதனால் பச்சை பச்சையாகவே இருந்தது. ஆனால் அவர் எழுதிய எண்கள் வீண்போகவில்லை. முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தன: 'வறண்டிருந்த ஐந்து கிணறுகளிலும் மீண்டும் நீர்.' துறை வெட்டிய மழைநீர்க் குழிகளுக்குக் கிடைத்த வெற்றியாம். கம்பெனிக்கு அனுமதி.

டேப்புக்காரர் அதிகாரியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"மேடம், அந்த அஞ்சும் பொய். நான்தான் எழுதினேன். ஒரு சொட்டு இல்ல."

அவள் மேசையிலிருந்த அறிக்கையை மூடிவைத்தாள். "சார், இதை நான் மேல எழுதினா, உங்க இருபத்தாறு வருஷ அளவையும் தூக்கிக் குப்பைல போட்டுடுவாங்க. இந்தப் பகுதில உண்மையா இருக்கிறது அது ஒண்ணுதான். அதுவும் போயிடும். அனுமதி மட்டும் நிக்கும்."

"அப்ப என்னதான் மேடம் பண்றது?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான்கு மாதத்தில் தெருவுக்குப் பின்னால் மதில் எழும்பி, அதற்குப் பின்னால் பத்து மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வரச் சொன்னாள். தெருவே கூடியிருந்தது. பிளம்பர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரைக் கழற்றி வெளியே போட்டிருந்தார். ஒரு வாரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மோட்டார்லதான் கோளாறுன்னு நான் சொல்றேன், இவர் கேக்கமாட்டேங்கிறார்" என்றாள் அக்கா, பிளம்பரைக் காட்டி. "தண்ணி ஏறியிருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கு. அளந்தது யாரு, என் தம்பி. அவன் அளந்தா தப்பா இருக்குமா?"

பிளம்பர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "மோட்டார் புதுசு மாதிரி ஓடுது சார். கீழதான் ஒண்ணும் இல்ல."

"நீயே இறக்கிக் காட்டுடா" என்றாள் அக்கா.

டேப்புக்காரர் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஒரு மீட்டர் நீளத்துக்குத் தேய்த்தார். நாற்பது வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க டேப்பை இறக்கினார். இறங்கிக்கொண்டே போய், கடைசியில் தரையைத் தட்டியது கைக்குத் தெரிந்தது. மேலே இழுத்தார். நீலம் போன மாதிரியே திரும்பி வந்தது.

மதிலுக்கு அப்பால் மோட்டார்கள் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா டேப்பின் முனையைப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் நீலப் பொடி ஒட்டியது.

"இன்னொரு தடவை இறக்குடா" என்றாள். "நீ எப்பவும் ரெண்டு தடவை அளப்பியே."

அவர் குனிந்து, மறுபடி சாக்பீஸ் தேய்க்கத் தொடங்கினார்.