தனம் அக்கா தந்த பாதிப் பழம்

செவ்வாய்க்கிழமை காலை கடையில் காஷ்மீர் ஆப்பிள் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தனம் அக்காவின் மகள் செல்வி போன் செய்தாள். "அண்ணா, அம்மா போயிட்டாங்கண்ணா." கையிலிருந்த பழத்தை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

செங்கம் சாலையில் அக்காவிடம் பழம் வாங்கிய உங்களுக்கு அவர் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக் கடை என்னுடையது. நானும் ஆப்பிள்தான் விற்கிறேன். நியாயமாகப் பார்த்தால் நாங்கள் முறைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் முதல் பழத்தை அக்கா அறுப்பார். பாதி அவருக்கு, பாதி எனக்கு. "நாம தின்னு பாத்துட்டு அப்பறம் விக்கலாம்" என்பார். அக்காவுக்குச் சர்க்கரை நோய் வந்தபின் டாக்டர் கண்டித்தார். "இது சாப்பாடு இல்லீங்க, வேலை" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தார். நான் சத்தம் போட்டால் என் பங்கைக் கொஞ்சம் பெரிதாக அறுப்பார். அவர் இருந்த பத்தியம் அவ்வளவுதான்.

ஆப்பிள் மரத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் இங்கே வெயிலில் விசிறிக்கொண்டே, "அங்க இன்னும் குளிரு பத்தலையாம் தம்பி, பூ கம்மியாத்தான் வைக்கும்" என்று கவலைப்படுவார்.

நான் கடை போட்ட முதல் வருடம் காஷ்மீரில் ஆலங்கட்டி மழை. தோட்டங்கள் அடிபட்டு, சாலையும் மூடி, லாரிகள் நின்றுபோயின. மண்டி முழுக்க ஈரான் பழம், துருக்கிப் பழம். பல மாதம் குளிர்கிடங்கில் கிடந்தவை, மெழுகுப் பூச்சில் பளபளத்தன. பௌர்ணமி கிரிவல வியாபாரத்தை நம்பி, கையிலிருந்த மொத்தப் பணத்தையும் போட்டுப் பெட்டி பெட்டியாக இறக்கினேன். அக்கா வந்து ஒன்றை அறுத்தார். உள்ளே பழுப்பு. இன்னொரு பெட்டியில் ஒன்று. அதுவும் அப்படியே.

"சாமிக்குத்தானேக்கா வைக்கப் போறாங்க, யாரு அறுத்துப் பாக்கப் போறா?" என்றேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

அக்கா கோபப்படவில்லை. "சாமி கடிச்சுப் பாக்க மாட்டாரு. அதனாலதான் நாம கடிச்சுப் பாக்கணும்" என்றார். பிறகு, முன்பே வாங்கி வைத்திருந்த நல்ல இமாச்சல் பழத்தில் பாதிப் பெட்டிகளை என் பக்கம் தள்ளினார். "இத வித்துக்கோ. அத மாட்டுக்குக் கொட்டிடு." கிரிவலக் கூட்டம் வந்தது. அன்று என்னிடம் வாங்கியவர்கள் சிலர் இன்றும் பௌர்ணமிக்கு என் கடையைத் தேடி வருகிறார்கள். அவர்கள் ருசி பார்த்தது அக்காவின் பழத்தை.

காரியம் முடிந்து நேற்றுதான் கடை திறந்தேன். பக்கத்து ஷட்டர் மூடிக் கிடந்தது. நியூசிலாந்து ஆப்பிள் பெட்டியைப் பிரித்து, பழக்கத்தில் ஒரு பழத்தை இரண்டாக அறுத்தேன். என் பாதி இனித்தது. மற்றப் பாதியைப் பார்த்ததும் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

எதிரில் ஒருவர் புதிதாக ஆப்பிள் கடை போட்டிருக்கிறார். ஆறு மாதமாக நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சாலையைக் கடந்து போய் அந்தப் பாதியை நீட்டினேன்.

"இன்னாண்ணா இது?" என்றார்.

"தின்னு பாருங்க, அப்பறம் விக்கலாம்" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: அந்த இன்னொரு பாதி என்னுடையது இல்லை என்பது.