கட்ட வேண்டாம் என்று சொன்னவள்

சிங்கப்பூருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரின் கண்ணைச் சர்க்கரை நோய் கெடுத்தது. வேலை போனது. செனாய் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் ஃபேக்டரி ஒன்றில் எனக்கு வந்த சம்பளத்தில் சாப்பாடு, மகளின் கல்லூரிச் செலவு, வீட்டுத் தவணை மூன்றையும் சமாளிக்கத் திணறினோம்.

மாதா கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடும் பெண் ஒருத்தி வீட்டுக் கடன் ஏஜெண்டாக இருந்தாள். என்னை அக்கா என்பாள், என் கணவரை அண்ணன் என்பாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன்.

"இதுக்கா இவ்ளோ கவலை? வேற பேங்க்ல புதுக் கடன் எடுத்து ரீஃபைனான்ஸ் பண்ணிட்டா மாசம் கட்டுறது கொறஞ்சிடும் லா. நான் பாத்துக்கிறேன் க்கா."

அதே வாரம் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அவளோடு நானும் என் கணவரும் உட்கார்ந்திருந்தோம். புது பேங்க் வீட்டை மதிப்பிடுவதற்கான மதிப்பீட்டுக் கட்டணத்தை அவள் கையில் கொடுத்தேன். புதுக் கடன் பத்திரம் எழுதும் வக்கீலின் பணத்துக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது அவள் சிரித்தாள்.

"பழைய பேங்குக்குக் கொஞ்ச நாளைக்குக் கட்ட வேணாம். அந்தக் காச லாயருக்குக் குடுத்திடுங்க. புது பேங்க் எல்லாத்தையும் மொத்தமா செட்டல் பண்ணிடும்."

"பிரச்சினை வராதாம்மா?" என்று கேட்டவர் என் கணவர்தான்.

"வராது ண்ணே. எத்தன பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்."

நாங்கள் கட்டவில்லை. புது பேங்க் கடனை விடுவிக்கும் முன் எங்கள் கணக்கை மறுபடி பார்த்தது. பழைய கடனில் பாக்கி விழுந்திருந்தது. கடன் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வக்கீலுக்குக் கொடுத்தது போனது. பழைய பேங்க் தாமத வட்டியைப் போட்டு, முழுக் கடனையும் கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியது. அவளுக்குப் போன் செய்தேன்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே க்கா. கொஞ்சம் லேட்டானா பரவால்லன்னுதான் சொன்னேன்."

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட என் கணவர் எழுந்து வெளியே போனார். அந்த மாதத்திலேயே ஒரு காலை அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, பேச்சும் போனது. நினைத்தது வேறாகவும் வாயில் வருவது வேறாகவும் இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் "கதவு" என்பார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அதுதான் கொடுமை.

வக்கீல் இல்லாமல் நாமே வாதாடும் சிறு வழக்கு ஒன்றைக் கோர்ட்டில் போட்டேன். எங்கள் செலவுக்கு அவள் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவள் சொன்னதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. காதால் கேட்ட இன்னொரு ஆள் என் கணவர் மட்டுமே. நான் தயங்கினேன். அவர் இடது கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். வருகிறேன் என்று அர்த்தம்.

அதன் பிறகு தினமும் காலையில் ஒரே வாக்கியத்தைப் பழகினோம். 'கட்ட வேணாம்னு சொன்னா.' முதலில் 'கட்ட' மட்டும் வந்தது. வியர்த்து ஊற்றும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி தொடங்குவார். விசாரணைக்கு முந்தின வாரம் முழுசாகச் சொல்லிவிட்டார். மகளுக்குப் போன் போட்டு அவளிடமும் சொல்லிக் காட்டினார். அவள் அந்தப் பக்கம் அழுதாள்.

மாஜிஸ்திரேட் இளம் மலாய்ப் பெண், குரலில் பொறுமை இருந்தது. மொழிபெயர்ப்பாளர் எங்களுக்காகத் தமிழில் கேட்டார்.

"ஐயா, இவங்க உங்க வீட்டுல என்ன சொன்னாங்க?"

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாய் கோணியது. "க... க..." என்றார். எச்சில் வழிந்தது. பிறகு தெளிவாக, "பாட்டு" என்றார். தலையை வேகமாக ஆட்டி இல்லை என்று காட்டிவிட்டு மறுபடி, "பாட்டு... பாட்டு" என்றார். நான் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். என் உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் மொழிபெயர்ப்பாளர் என்னைப் பார்த்தார்.

எதிரே அவள் அழ ஆரம்பித்தாள். "அண்ணன ஏன் க்கா இப்படிக் கஷ்டப்படுத்துறீங்க? அவர வீட்டுல விட்டிருக்கலாமே."

அந்த அறையில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவள் சொன்னதாக நான் கூறுவதற்கு ஆதாரம் இல்லை. மதிப்பீட்டுக் கட்டணத்தைத் தன் கையால் வாங்கியதை அவள் ஒப்புக்கொண்டதால் அதை மட்டும் திருப்பித் தர வேண்டும். அவள் அங்கேயே போனில் பணத்தை அனுப்பிவிட்டு, என்னிடம் "சரியா க்கா?" என்று கேட்டாள். சரி என்றேன்.

திரும்பும் வழியில் ஸ்கூடாய் சிக்னலில் காரை நிறுத்தியிருந்தேன். என் கணவர் முன் கண்ணாடியைப் பார்த்தபடி, "கட்ட வேணாம்னு சொன்னா" என்றார். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

"ஆமாங்க. சொன்னா" என்றேன்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்ததை நான் கவனித்திருக்கவில்லை.

அதோடு அவர் பழகுவதை விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த நாட்களிலும் வர மறுத்தார். வீடு லேலோங்கில், பேங்க் போட்ட ஏலத்தில், போனது. கிடைத்த பணம் கடனுக்கே போதவில்லை. மிச்சத்துக்கு இன்னும் பேங்க் எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். "மன்னிச்சிடும்மா, மனசு லேசாகும்" என்றார். அவள் இன்னும் அதே குழுவில் பாடுகிறாள். நான் போவதில்லை.

இப்போது காஹாங்கில் என் தம்பி வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். மகள் படிப்பை விட்டுவிட்டு சிங்கப்பூரில் ஒரு கடையில் நிற்கிறாள். ஞாயிறு மத்தியானம் கூப்பிடுவாள். என்னோடு பேசி முடித்ததும், "அப்பாகிட்ட குடுங்கம்மா" என்பாள். அவர் போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்பார். அவள் நிறையச் சொல்வாள், பஸ்ஸைப் பற்றி, முதலாளியைப் பற்றி, மழையைப் பற்றி. பேசி முடித்து அவள் காத்திருப்பது எனக்கும் கேட்கும். அவர் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, போனை என்னிடம் நீட்டுவார்.