லைட் பார்க்க எடுத்த படம்

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். கல்யாணப் படம் நன்றாக எடுப்பான். எடுத்த படத்தைச் சீக்கிரத்தில் கொடுக்க மாட்டான். முதலாவதில் கொஞ்சம் மிகை உண்டு. இரண்டாவது சத்தியம்.

நான் படம் எடுத்த ஒரு பெண்ணின் கல்யாணம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் போன் செய்யும்போதெல்லாம் "கலர் வேலை ஓடுதும்மா" என்பேன். ஒரு மண்ணும் ஓடவில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டபோது அவள் ஆல்பம் கேட்கவில்லை.

"அண்ணே, ஆல்பம் எப்ப வேணா கொடுங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு அறுபது. கல்யாணத்துல எடுத்த அவரு படம் ஒண்ணு வேணும், ஃபிரேம் போட்டுக் கொடுக்க. ஒண்ணு போதும்லா."

"ஒண்ணு என்னம்மா, நூறு இருக்கு" என்றேன். என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது?

அந்தக் கல்யாணம் முழுவதும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்கில் இருந்தது. லேப்டாப்பில் சொருகினேன். டிஸ்க் வந்தது, போனது, மறுபடி வந்தது, பிறகு 'டக், டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. கேபிளை மாற்றினேன். ரேடியோவைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினேன். இணையத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஃபிரீசரில் வைக்கச் சொன்னான், வைத்தேன். மீன் வாசனைதான் வந்தது.

"பூஜையிலயே சொன்னேன்ல?" என்றாள் மனைவி.

சொல்லத்தான் செய்தாள். சரஸ்வதி பூஜையன்று கேமரா, லென்ஸ், டிரைபாட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். டிஸ்க்கை மட்டும் ஒதுக்குவானேன்? அதற்கு நெற்றி எது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கேபிள் சொருகும் ஓட்டை வாய் மாதிரி இருந்தது. வாய்க்கு மேலேதானே நெற்றி என்று அங்கே தாராளமாக வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணீராக இருந்தது. "உள்ள போயிரப் போவுதுங்க" என்றாள். "சாமி விஷயத்துல வாய வைக்காத" என்று அதட்டியது நான்தான்.

மறுநாள் கொமுட்டர் ரயில் பிடித்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போனேன். மாலைக் கடைக்கு மேல் மாடியில் டிஸ்க் பழுது பார்க்கும் கடை. அங்கே இருந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பர்மிட்டில் வந்து நாலு வருஷம் ஆனவர். டார்ச் அடித்து ஓட்டைக்குள் பார்த்தார். பிறகு ஊசியால் மெல்லச் சுரண்டினார்.

"என்ன சார் இது, மஞ்சளா?"

"சந்தனம்."

"நாங்களும் பொட்டு வைப்போம் சார். ஓட்டைய விட்டுருவோம்."

சுத்தம் செய்து சொருகிக் காதை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"சந்தனம் மட்டும் இல்ல சார், உள்ளயும் அடி பட்டிருக்கு. கீழ போட்டீங்களா?"

"சேச்சே."

"தட்டினீங்களா?"

"லேசா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இத ஓட்டி ஓட்டிப் படம் தேடக் கூடாது சார். முதல்ல உள்ள இருக்கறத அப்படியே வேற டிஸ்க்குக்கு இழுத்துரணும். அதுல தேடிக்கலாம். நடுவுல நின்னுட்டா, என் கையில ஒண்ணும் இல்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். "பெரும்பாலும் வந்துருச்சு சார்." பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டே ஓடினேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தோம். மாப்பிள்ளை வருகிறார், தாலி ஏறுகிறது, யாரோ ஒரு குழந்தை மைக்கை நக்குகிறது. பெண்ணின் அப்பாவைக் காணோம். ஒரு படத்தில் அவர் முதுகு. இன்னொன்றில் யாருடைய கொண்டைக்கோ பின்னால் பாதிக் காது. அவ்வளவுதான். டிஸ்க் விழுங்கிவிட்டது என்று நினைத்தேன். கடைக்காரர் கெட்டுப்போன படங்களின் பட்டியலைக் காட்டினார். அதில் இருந்ததெல்லாம் பந்தி இலைகள். டிஸ்க் மேல் குற்றமில்லை. பெண்ணின் அப்பாவை நான் எடுக்கவே இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. மனைவியை இழந்தவர் தாரை வார்க்க ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட, சித்தப்பாவும் சித்தியும் மேடையில் உட்கார்ந்தார்கள். அவர் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். என் கேமரா மேடையை விட்டு நகரவில்லை. நடுவில் நான் சாப்பிடப் போனேன். என் இலையில் மூன்று வடை வைத்தவர் அவர்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"சார், நீங்க அழிச்ச படங்களும் கொஞ்சம் வந்திருக்கு. அதெல்லாம் வேணாம்ல?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் திறந்துவிட்டார். மூடிய கண்கள், என் கட்டைவிரல், மண்டபத்துத் தரை. அதற்கு நடுவில் ஒரு படம். விடிந்தும் விடியாத நேரம், நாற்காலிகள்கூடப் போடவில்லை. மணவறையின் முன்னால் புது வேட்டியில் பெண்ணின் அப்பா தனியாக நிற்கிறார். ஃபிளாஷுக்குக் கண் கூசி, வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். "சும்மா லைட் பாக்கணும், கொஞ்சம் ஏறி நில்லுங்க அங்கிள்" என்று நான்தான் நிறுத்தியிருந்தேன். வீட்டுக்கு வந்து, தேவையில்லாதது என்று நானே அழித்திருந்தேன்.

"அழிச்சதுக்கு மேல புதுசா எதையாச்சும் போட்டிருந்தா இது கிடைச்சிருக்காது. எட்டு மாசமா இதுல ஒண்ணுமே போடலையா சார்?" என்று கடைக்காரர் ஆச்சரியப்பட்டார். என் சோம்பேறித்தனத்தால் ஒருவர் பயனடைந்தது அதுவே முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஃபிரேமை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். அப்பாவிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது லைட் பாக்க என்னை நிக்க வச்சீங்களே, அப்ப எடுத்ததுதானே தம்பி? அன்னிக்கு நான் மேடை ஏறினது அந்த ஒரு தடவைதான். அழிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"அதெப்படி அங்கிள் அழிப்பேன்?" என்றேன்.

நம்பிவிட்டார். என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உள்ளே போனவர், ஒரு தட்டோடு வந்தார். அதில் மூன்று வடை இருந்தது.