பதக்கம் கேட்டவனுக்கு ஓதில் அக்கா எழுதிய சாட்சி

செவ்வாய்க்கிழமை காலை, படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி மறுமுனைக்கு ஆள் பார்த்து நின்றேன். ஓதில் அக்கா இனி வரமாட்டார், ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு என்று மேற்பார்வையாளர் வந்து சொன்னார். பாசல் மருத்துவமனை லாண்டரியில் அவரோடு நின்ற உங்களுக்கு அவரைச் சொல்லத் தேவையில்லை. சுவிஸ் எல்லைக்கு அப்பால், பிரான்சின் அல்சாஸ் கிராமமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்தவர். அவருடைய ஜெர்மன் எனக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அந்த ஊரை ஜெர்மனி தன்னோடு இணைத்து, இளைஞர்களைத் தன் படைக்கு இழுத்தது. மறுத்தவர்களை அக்கா இரகசியமாகச் சுவிஸ் எல்லைவரை கூட்டிவந்து விட்டார். கொட்டிலில் ஒளித்துவைத்த சொந்தத் தம்பியைப் பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக்கொடுத்தான். தம்பி திரும்பவேயில்லை. நாற்பது வருடம் கழித்து, அப்படி எதிர்த்து நின்றவர்களுக்கான பதக்கம் அக்காவுக்குக் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குக் காட்டினார்.

"வடிவாய் இருக்கோ?"

"ஓம்" என்றோம்.

"இதைவிட வடிவானது ஒண்டு இருக்கு" என்று ஒரு கடிதத்தின் பிரதியை விரித்தார்.

தம்பியைக் காட்டிக்கொடுத்த அந்த வெட்கம் கெட்டவனும் அதே பதக்கத்துக்கு விண்ணப்பித்திருந்தான். அதற்குச் சாட்சி வேண்டும். ஊரில் மிஞ்சியிருந்த சாட்சி அக்கா மட்டும். கேக்கோடு வந்து கேட்டானாம். "கேக்கைத் திண்டன். அவன் செய்ததை அப்பிடியே எழுதிக் கையெழுத்தும் வைச்சன்." பதக்கம் கிடைக்கவில்லை. ஊரும் அவனோடு கதைப்பதை நிறுத்தியது. அதைச் சொல்லி அக்கா சிரித்த சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

இன்னுமா ஆறவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "கோப்பிதான் ஆறும்" என்றார்.

எனக்கும் ஒருவன் இருக்கிறான். எங்கள் ஊர்ச் சுற்றிவளைப்பில், சாக்கால் முகம் மூடி நின்று, என் அண்ணனை அடையாளம் காட்டித் தலையாட்டியவன். அண்ணனை இலங்கை இராணுவம் கொண்டுபோனது. இன்றுவரை தகவல் இல்லை. இப்போது அவன் பேர்னில் அகதி விண்ணப்பம் போட்டிருக்கிறான். போன மாதம் என் வீட்டுக்கு வந்து, தான் பாதிக்கப்பட்டவன் என்று உறுதிக் கடிதம் கேட்டான்.

"என்னை அடிச்சவங்கள் அண்ணை. தாங்கேலாமல் தலையாட்டினன். என்ரை பிள்ளையளுக்காண்டி எழுதித் தாங்கோ."

நான் எழுதிக் கொடுக்காமல் அவனை அனுப்பிவிட்டேன். மறுநாள் அக்காவிடம் சொன்னபோது விரிப்பைச் சுண்டி இழுத்தார். "மன்னிச்சு விடு எண்டு சொல்லுறவை ஆரையும் பறிகுடுத்தவை இல்லை."

பதக்கத்தை அவருடைய சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அவருடைய வன்மத்தை நான் வைத்துக்கொண்டேன். நேற்று அவன் கேட்ட கடிதத்தை எழுதினேன். அவன் அடிபட்டதை எழுதினேன், அது உண்மை. தலையாட்டியதையும், அண்ணனின் பெயரையும் எழுதினேன். உறையை ஒட்டும்போது அவனுடைய பிள்ளைகளை நினைத்தேன். நினைத்துக்கொண்டே பேர்ன் அகதி அலுவலகத்துக்குத் தபாலில் போட்டேன்.