அத்திம்பேரைச் சூடேற்றிய காலை

1999 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் பாலைக் காய்ச்சி வைத்து, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரிசை தவறாமல் படித்து, பேனாவுக்கு மை நிரப்பிவிட்டுச் செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் கீழ்வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுத்திருந்த அவர்மேல் காகிதம் மாதிரி ஒரு போர்வை. ஒரு குழாய் அதற்குள் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது. போர்வை பூரிபோல் உப்பியிருந்தது. உள்ளே குளிரும், அதனால் முன்கூட்டியே உடம்பைச் சூடாக்குகிறோம் என்று நர்ஸ் இந்தியில் விளக்கினாள். மனிதர் சௌக்கியமாகத் திரும்பி வந்து, பசிக்கிறது என்றும் சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தக் குழாயிலிருந்து சூடான ரப்பர் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை என்றால் மாதுங்காதான், அறுபத்தாறு டிசம்பர்தான், அத்திம்பேர்தான்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். எனக்குப் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலை. அவர்கள் வீட்டில்தான் ஜாகை. பம்பாயில் குளிர் என்று ஒன்று உண்டா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் மாதுங்கா மார்க்கெட்டில் குரங்குக் குல்லாய்கள் கத்தரிக்காய் பொறுக்கும். அவற்றுள் ஒன்று அத்திம்பேருடையது. அதே அத்திம்பேர் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, ஈர வேஷ்டியை இடுப்பிலேயே காயவிட்டு ஜபம் பண்ணுவார். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று ஒருமுறை கேட்டேன். மார்க்கெட்டுக்குப் போவது உடம்பு, ஜபம் பண்ணுவது ஆத்மா என்றார்.

அவருக்குக் குடலிறக்கம். முந்தின வாரம் குடல் வெளியே மாட்டிக்கொண்டு உயிர் போய் வந்தது. இன்னொரு தடவை மாட்டினால் ஆபத்து, அதற்குள் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று டாக்டர் தேதி கொடுத்தார். அதற்கு மறுநாள் டாக்டர் லண்டனுக்குக் கப்பலேறுகிறார். ஆகவே அந்த ஒரு தேதிதான்.

மாதுங்காவிலிருந்த அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் தியேட்டருக்குப் புதிதாக ஏ.சி. போட்டிருந்தார்கள். டாக்டருக்கு அதில் ஏகப் பெருமை. வருகிறவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காற்றைக் காட்டுவார். அங்கே நர்ஸாக இருந்த கிரேஸ் சிஸ்டருக்கு அந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகாது. நாசரேத்துக்காரர், தாராவியில் குடியிருந்தார். முதல்நாள் மாலையே அங்கே சேர்ந்துவிட்ட அத்திம்பேரிடம் வந்து கண்டிப்பாகச் சொன்னார்:

"நாளைக்குக் காலைல குளிக்கப்படாது சார். மயக்கம் குடுத்துட்டா ஒடம்புக்குத் தன்னால சூடு உண்டாக்கத் தெரியாது. உள்ள போகுமுன்னாலயே சேத்து வச்சுக்கிடணும். இல்லன்னா வெடவெடன்னு நடுங்கும், ரத்தம் நிக்காது, புண்ணு ஆறாது."

அத்திம்பேர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும், சிஸ்டருக்குத் தெரியாது. காவலுக்குப் படுத்த நான் நன்றாகத் தூங்கினேன்.

விழித்தபோது கட்டிலில் ஈர வேஷ்டியோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மின்விசிறிக்கு நேர் கீழே அத்திம்பேர் ஜபத்தில் இருந்தார். உதடு நீலமாக இருந்தது. கத்தி படப்போகிற உடம்பு, யார் யாரோ தொடப்போகிற உடம்பு, குளித்து மடியாக, தீட்டில்லாமல் இல்லாவிட்டால் எப்படிப் போகும் என்பது அவர் கட்சி. சிஸ்டர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். தொண்ணூற்றைந்துகூட இல்லை. இப்படியே அழைத்துப்போனால் டாக்டர் மேஜையில் ஏற்றமாட்டார்.

சிஸ்டர் ஓடிப்போய், இரண்டாவதாக இருந்த ஆபரேஷனை முதலாவதாக மாற்றிவிட்டு, மூன்று சிவப்புக் கம்பளிகளோடு வந்தார். அத்திம்பேர் கையை நீட்டித் தடுத்தார். யார் யார் போர்த்தியதோ, யார் யார் அதிலேயே போய்ச் சேர்ந்ததோ. வேஷ்டியையும் மாற்றமாட்டேன் என்றார். பல் தந்தியடித்தது.

அப்போதுதான் அக்கா காபி பிளாஸ்க்கோடு வந்தாள். நிலவரத்தைக் கேட்டாள். பிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, நம்மாத்துல கம்பளியைத் தோய்க்கப்படாதுன்னு பதினாலு வருஷமா சொல்றது யாரு? கம்பளிக்கும் பட்டுக்கும் ஏது விழுப்பு? நூறு பேர் தொட்டாலும் மடிதானே?"

அத்திம்பேர் வாயைத் திறந்தார். அவருடைய சட்டம், அவரே தீர்ப்புச் சொன்னது. கம்பளியைத் தடுத்த கையை மடக்கிக்கொண்டார்.

"பட்டும் ஆகுமாக்கா? அப்ப வேட்டிய உருவுங்க, எதாவது பட்ட சுத்துங்க," என்றார் சிஸ்டர்.

வீட்டுக்குப் போய், அக்காவின் கல்யாணக் கூறைப்புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அத்திம்பேரின் குரங்குக் குல்லாயை வழியில் விழாமலிருக்க என் தலையில் மாட்டிக்கொண்டு மாதுங்கா வீதியில் ஓடிவந்தவன் நான்தான். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் பெண் எதிரே வந்தாள். அப்புறம் அவள் என்னிடம் சரியாகப் பேசவேயில்லை.

இடுப்பில் அரக்குப் புடவை, மேலே மூன்று கம்பளி, தலையில் குல்லாய். காலடியில் வெந்நீர்ப் பை வைக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் யோசித்தார். ரப்பரைப் பற்றிச் சாஸ்திரத்தில் ஒன்றுமில்லை என்று அனுமதித்தார். முதல் ஆபரேஷன் முடிவதற்குள் உதட்டில் நிறம் வந்து, பாதரசமும் ஏறிவிட்டது. வாசலில் அவரைப் பார்த்த டாக்டர், "க்யா சாப், பத்ரிநாத் யாத்ராவா?" என்றாராம். சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தபடி அத்திம்பேர், ஆபீஸ் சூப்பிரண்டெண்டின் இங்கிலீஷில், இயந்திரத்தை நிறுத்தினால்தான் படுப்பேன் என்றாராம். நிறுத்தினார்கள். அன்று வேர்த்தது டாக்டருக்குத்தான்.

அந்த நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. சிவப்புக் கம்பளிகளை ரயில்வேயில்கூடக் காணோம். கிரேஸ் சிஸ்டர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். கொஞ்ச வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, பிறகு நின்றது. அக்கா டோம்பிவிலியில் மகனோடு இருக்கிறாள். அத்திம்பேர் இல்லை. மடி பார்க்க யாருமில்லாததால் மருமகள் கம்பளியையும் வாஷிங் மெஷினில் போடுகிறாள்.

அன்றைக்கு ஆபரேஷன் முடிந்து அத்திம்பேர் நடுங்கவேயில்லை. மறுநாள் காலை கண் விழித்ததும் அவர் செய்த முதல் காரியம், பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தது. தாராவித் தோல் பட்டறைக்காரர் ஒருவர், கப்பலேறும் டாக்டருக்குப் பதிலாக வரப்போகிறவரின் ஆபரேஷனுக்காகக் காத்துக்கொண்டு முடங்கிக் கிடந்தார். அத்திம்பேர் தன்மேலிருந்த கம்பளியில் ஒன்றை உருவச் சொல்லி அவரிடம் கொடுக்கவைத்து, கம்பளிக்கு ஏன் விழுப்பில்லை என்று ஆதியிலிருந்து விளக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் எனக்கு இல்ல சாமி," என்றார் அவர். "குளுருது. இன்னொண்ணு இருந்தாலும் தாங்க."