அரக்கோடு சேர்த்துப் பதினான்கு கிராம்

எங்கள் நீதிமன்றத்தில் பறிமுதல் செய்த பொருள்களை வைக்கும் அறைக்கு ஒரு மகராசன் பொறுப்பு. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் அரக்கு. கஞ்சாப் பொட்டலம் வந்தால் உறையில் போட்டு, நூலைச் சுற்றி, நாலு பக்கமும் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார். அப்புறம்தான் தராசில் வைப்பார். முதலில் நிறுத்தால், நடுவில் கிள்ளிவிட்டார் என்று பழி வருமாம். பெரிய யோக்கியர்! இருபத்தெட்டு வருடமாக இதே கூத்து. அதில் பன்னிரண்டு வருடம் அவர் சொன்ன எடையைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு கிராமுக்கும் சிறை என்றிருந்த காலத்தில் எடையை யார் பார்த்தார்கள்?

இந்த வருடம் சட்டத்தைத் திருத்தினார்கள். பத்து கிராமுக்குள் இருந்தால் அபராதம் மட்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மறுநாளே தையல் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து நின்றாள். அவள் புருஷன் லேத் பட்டறைக்காரன், ஏழு மாதமாக உள்ளே இருக்கிறான். பதிவில் பதினான்கு கிராம்.

"சார், அவர்கிட்ட இருந்தது சின்னப் பொட்டலம்தான். இன்னொரு தடவ நிறுத்துப் பாருங்க சார்."

"அப்ப என் தராசு பொய் சொல்லுதா?"

"அரக்கையும் சேர்த்துல்ல நிறுத்தீங்க?" என்றேன் நான்.

"நீ உன் வேலையப் பாரு. முத்திரைய உடைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

அதிகாரம் இல்லையாம்! ஊற்றும்போது மட்டும் எங்கிருந்து வந்ததோ. அந்தப் பெண்ணுக்கு மனுவை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். நீதிபதி மறு எடைக்கு உத்தரவிட்டார். எல்லார் முன்னாலும் பொட்டலத்தைப் பிரித்தபோது அரக்கின் முகத்தில் ஈயாடவில்லை. இலை ஐந்து கிராம். மீதி ஒன்பதும் அவருடைய யோக்கியதை.

புருஷனை விடுவிக்க உத்தரவானதும் அவள் ஓடி வந்து, போயும் போயும் அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உங்க புண்ணியம் சார்."

கொஞ்சமாவது கூச வேண்டாமா? "சரி சரி, இனிமேலாவது அவன ஒழுங்கா இருக்கச் சொல்லும்மா" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரை நினைத்து மட்டுமல்ல, அந்தப் பதினான்கை அடித்த என் விரல்களை நினைத்தும்தான்.

அறைக்குத் திரும்பினோம். அன்றைக்கு வந்த புதுப் பொட்டலத்தை எடுத்தார். உறை, நூல், அரக்கு, முத்திரை. பிறகு தராசு.

"பன்னெண்டு கிராம். அடிச்சுக்கோ."

"உடைங்க சார். அப்புறம் அடிக்கிறேன்" என்றேன்.